கானிமீடின் காற்றைக் காவலூர் கண்டதா?

வியாழனின் துணைக்கோளான கானிமீடில் வளிமண்டலம் இருப்பதை 1972-ல் கண்டுபிடித்தது நம் காவலூர் வானாய்வகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் குறிப்பேடுகளில் இந்த வரி பல வருடங்களாகக் குடியிருக்கிறது. வாலிகண்டபுரத்தில் பஸ் ஏறிப் பெரம்பலூர் நூலகத்துக்குப் போய் உட்காரும் பிள்ளைகள் இதை நெட்டுருப் போடுகிறார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனமே காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லி வந்திருக்கிறது. அதனால் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த வரிக்கு இப்போது வால்கள் முளைத்துவிட்டன. காவலூர் சொன்னதை ஹப்பிள் பின்னால் உறுதி செய்தது என்கிறார்கள். அங்கே இருப்பது ஆக்சிஜன், ஆகவே உயிரும் இருக்கும் என்கிறார்கள். பக்கத்து நிலாவான யூரோப்பாவில் தினமும் பத்து லட்சம் பேர் சுவாசிக்கும் அளவுக்கு ஆக்சிஜன் உற்பத்தியாகிறது, இனி ஆள் போய் இறங்க வேண்டியதுதான் பாக்கி என்று பேசுகிற வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. வால்களை மட்டும் நறுக்கினால் போதாது, தலையிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் கட்சி. காவலூருக்கு உரிய பெருமை வேறோர் இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1972 ஜூன் 7 அன்று நடந்தது இது. வியாழன் தனுசு ராசிப் பக்கம் இருந்த காலம். எஸ்ஏஓ 186800 என்று எண்ணிட்ட, வெறும் கண்ணுக்குத் தெரியாத எட்டாம் ஒளித்தர நட்சத்திரம் ஒன்றின் முன்னால் கானிமீட் கடந்து போனது. கிரகணம் போலத்தான்; ஆனால் பூமியின் ஒரு பட்டையில் இருப்பவர்களுக்கு மட்டும், சில நிமிடங்களுக்கு மட்டும் தெரியும். அந்தப் பட்டையில் ஜாவா தீவின் லெம்பாங்கும் ஜவ்வாது மலையின் காவலூரும் இருந்தன. காவலூரில் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து வந்த கார்ல் ஸைஸ் ஒரு மீட்டர் தொலைநோக்கியை நிறுவியது அந்த வருடம்தான். வானியலாளர் வேணு பாப்பு உருவாக்கிய இடம். அன்றைக்கு வட ஆற்காடு, இன்றைக்குத் திருப்பத்தூர் மாவட்டம். பதிவு செய்தவர் ஜே.சி. பட்டாச்சார்யா, பின்னாளில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநர் ஆனவர்.

இந்த முறையின் சூட்சுமம் எளிது. மறைக்கிற கோளுக்குக் காற்றே இல்லையென்றால், நட்சத்திர ஒளி அதன் விளிம்பில் பட்டென்று அறுந்து போகும். காற்று இருந்தால் ஒளி அதில் வளைந்து சிதறி, மெல்ல மெல்ல மங்கும். லெம்பாங், காவலூர் பதிவுகளில் ஒளி பட்டென்று அறுபடவில்லை, தயங்கித் தயங்கி இறங்கியது என்று ஆய்வாளர்கள் படித்தார்கள். 1973-ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. கானிமீடின் தரையில் காற்றழுத்தம் குறைந்தது ஒரு மைக்ரோபார், அதாவது நம் கடல்மட்டக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்றது அந்தக் கட்டுரை.

அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் யார் என்று பார்த்தாலே 'கண்டுபிடித்தது காவலூர்' என்ற பேச்சு ஆட்டம் காண்கிறது. முதல் பெயர் கார்ல்சன், அமெரிக்கர். இந்தோனேசியாவின் பம்பாங் ஹிதாயத் இருக்கிறார். இத்தகைய மறைப்புகளை முன்கூட்டிக் கணித்துச் சொல்வதில் பேர்பெற்ற பிரிட்டிஷ்காரர் கோர்டன் டெய்லர் இருக்கிறார். பிராட்ஃபோர்ட் ஸ்மித், டாரன்ஸ் ஜான்சன் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஒருவர் பட்டாச்சார்யா. இரண்டு நாட்டு மலைகளில் பதிவான அளவீட்டை ஒன்றாக வைத்துப் படித்த கூட்டு வேலை அது. நம் குறிப்பேட்டில் ஜாவா காணாமல் போய்விட்டது. ஜாவாவில் இதே போல ஒரு குறிப்பேடு இருந்து அதில் காவலூர் காணாமல் போயிருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, கூட்டாகவே கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்வோம். கண்டது உண்மைதானா?

1979 மார்ச் 5 அன்று வாயேஜர்-1 வியாழனை நெருங்கிக் கடந்தது. அதன் புற ஊதாக் கருவி, கப்பா சென்டாரி என்ற நட்சத்திரத்தைக் கானிமீட் மறைப்பதைப் பார்த்தது. ஆக்சிஜன், நீராவி போன்றவை புற ஊதா ஒளியை விழுங்கக்கூடியவை. ஆகவே லேசான காற்று இருந்தாலும் இந்த முறையில் மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை. காற்று இருந்தால் அதன் அழுத்தம் ஒரு மைக்ரோபாரில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழேதான் இருக்க முடியும் என்று கணக்கு வந்தது. 1972-ல் 'குறைந்தது இவ்வளவு' என்று சொன்ன எண்ணை, 'அதிகம் போனாலும் அதில் நாற்பதாயிரத்தில் ஒன்று' என்ற எண் அடித்துவிட்டது. 1973 கட்டுரையில் கையெழுத்திட்ட பிராட்ஃபோர்ட் ஸ்மித்தான் வாயேஜரின் படக்குழுத் தலைவர் என்பது இதில் ஒரு சுவை. சொந்தக் கட்டுரையை மறுக்கும் விண்கலத்தில் வேலை பார்ப்பது வானியலில் அவமானம் இல்லை.

எங்கே தவறியது? நெடுஞ்சாலை விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நின்று, சாதாரண பைனாகுலரில் வியாழனைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும். நடுவே கண்ணைக் கூசும் வெள்ளைப் பொட்டு. இரண்டு பக்கமும் ஊசிமுனை அளவில் நிலாக்கள். கை கொஞ்சம் நடுங்கினால் எல்லாம் கோடுகளாக இழுபடும். பெரிய தொலைநோக்கியிலும் அடிப்படைச் சிக்கல் இதேதான். அளக்க வேண்டிய நட்சத்திரம் கானிமீடை விடப் பல மடங்கு மங்கல். வந்து சேரும் மொத்த ஒளியில் நூற்றுக்குச் சில பங்குதான் நட்சத்திரத்துடையது; மீதி கானிமீடுடையது, அதன்மேல் வியாழனின் ஒளிக்கசிவு, அதற்கும் மேல் நம் தலைக்கு மேலே அலைபாயும் பூமிக் காற்று. இத்தனைக்கும் நடுவே அந்தச் சில பங்கு ஒளி அறுந்ததா, மங்கியதா என்று ஒரு நொடியின் பின்னங்களில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு பிசகியதில் வியப்பில்லை.

பிசகு ஏன் சில ஆண்டுகள் நிலைத்தது என்பதற்கும் காரணம் உண்டு. 1977-ல் யூக் யுங், மைக்கேல் மெக்எல்ராய் இருவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். பனிக்கட்டியிலிருந்து கொஞ்சம் நீராவி எழும்; சூரிய ஒளி அதை உடைக்கும்; எடை குறைந்த ஹைட்ரஜன் ஓடிவிடும், ஆக்சிஜன் தங்கிவிடும். தங்கிச் சேர்ந்தால் அழுத்தம் எவ்வளவு வரும் என்று பார்த்தால், அதே ஒரு மைக்ரோபார் பக்கம் வந்து நின்றது. அளவீடும் கணக்கும் ஒத்துப் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? வாயுவின் பெயரை அவர்கள் சரியாகச் சொல்லியிருந்தார்கள். அளவுதான் காலை வாரியது.

ஹப்பிள் உறுதி செய்தது என்பவர்களுக்கு இங்கேதான் பதில். 1995-ல் டாயில் ஹால் குழுவினர் ஹப்பிளைக் கொண்டு முதலில் யூரோப்பாவில் ஆக்சிஜனைக் கண்டதாக அறிவித்தார்கள். 1998-ல் கானிமீடிலும் அதையே கண்டதாக எழுதினார்கள். எலெக்ட்ரான்கள் மோதும்போது ஆக்சிஜன் உமிழும் புற ஊதா ஒளி, 130.4, 135.6 நானோமீட்டர் அலைநீளங்களில், அவர்களுக்குத் தடயமாகக் கிடைத்தது. நட்சத்திர மறைப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இதிலிருந்து கணித்த அழுத்தம் அதிகபட்சம் ஒரு மைக்ரோபாரில் சுமார் எண்பதாயிரத்தில் ஒன்று. வாயேஜர் போட்ட வரம்புக்குள் அழகாக அடங்குகிறது. 1973 கட்டுரையின் எண்ணோடு எங்கேயும் ஒட்டவில்லை. பீரோவில் குறைந்தது ஒரு கோடி ரூபாய் இருக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். திறந்து பார்த்தால் நூற்று இருபது ரூபாய் இருக்கிறது. பணம் இருந்தது உண்மைதானே, அவர் சொன்னது பலித்துவிட்டதே என்று சொல்வோமா?

இதைவிட வலுவான மறுப்பும் உண்டு. ஹப்பிள் கண்ட அளவுக்கு மெலிந்த காற்று, கடந்து போகும் நட்சத்திர ஒளியைக் காவலூரிலோ லெம்பாங்கிலோ தெரியும்படி வளைக்கவே முடியாது. அங்கே தரையருகே ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் மூலக்கூறுகள் பத்துக் கோடி என்ற வரிசையில் வரும். கேட்கப் பெரிதாகத் தோன்றும். நம் மூக்கருகே அதே கன சென்டிமீட்டரில் அதைப் போல இருபத்தைந்தாயிரம் கோடி மடங்கு இருக்கிறது. ஆகவே 1972-ல் பதிவில் தெரிந்த தயக்கம் எதனால் வந்திருந்தாலும், அந்த ஆக்சிஜனால் வந்ததில்லை. பின்னால் வேறு வழியில் கிடைத்த உண்மையை முன்னால் நடந்த பிசகுக்குச் சாட்சியாகக் கூப்பிடுவது முறையல்ல.

அப்படியானால் அன்றைய ராத்திரி வேலை எல்லாம் வீண் என்று எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் தவறுகிறார்கள். அதே கட்டுரையில் இன்னோர் எண் இருக்கிறது. நட்சத்திரம் மறைந்த நேரத்தையும் மீண்டும் தோன்றிய நேரத்தையும் இரண்டு இடங்களிலும் குறித்துக்கொண்டால், மறைத்த கோளின் அகலம் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த விட்டம் சுமார் 5,270 கிலோமீட்டர். விண்கலங்கள் பக்கத்தில் போய் அளந்தபிறகு இன்று நாம் வைத்திருக்கும் எண் 5,268. அதற்குமுன் கானிமீடின் அளவு ஒரு மங்கல் பொட்டின் அகலத்தை ஊகிப்பதாகவே இருந்தது. விட்டம் தெரிந்ததும் அடர்த்தி தெரிந்தது: தண்ணீரைப் போல இரண்டு மடங்கை ஒட்டி. பாறை மட்டுமாக இருந்தால் இன்னும் கனத்திருக்கும். பனி மட்டுமாக இருந்தால் அதில் பாதிதான் வரும். ஆக, பாதி பாறை, பாதி பனி. எந்த விண்கலமும் வியாழன் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்தில், ஜவ்வாது மலையிலும் ஜாவாவிலும் இருந்துகொண்டு இதைச் சொல்ல முடிந்தது. தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். யாரும் கேட்பதில்லை. காற்று என்றால் செய்தி, விட்டம் என்றால் கணக்கு என்று நினைப்பு.

காவலூரைப் பற்றிய இன்னொரு பெருமை வரி, யுரேனஸின் வளையங்கள். 1977 மார்ச் 10 அன்று நடந்த நட்சத்திர மறைப்பு அது. காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் நல்ல பதிவு எடுத்தார்கள். ஆனால் முதலில் புதிய துணைக்கோள் என்றுதான் எழுதினார்கள். வளையம் என்று முதலில் இனம்கண்டது விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிப் பறந்த எலியட் குழு. அதை விரித்தால் தனிக் கட்டுரையாகும். மறைப்பு என்ற முறை பழுதானது அல்ல என்பதற்கு மட்டும் அதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

இனி ஆக்சிஜன், ஆகவே உயிர் என்ற வாதம். இது தவறாக இருந்தாலும் முட்டாள்தனமான வாதம் இல்லை. பூமியின் காற்றில் உள்ள ஆக்சிஜன் உயிர்கள் போட்ட பிச்சை. நீலப்பச்சைப் பாசிகளில் தொடங்கிச் செடிகொடிகள் வரை ஒளிச்சேர்க்கை செய்து நிரப்பியது. ஆகவே ஆக்சிஜனைக் கண்டதும் உயிரை நினைப்பது இயல்பு. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் சிப்பியும் அம்மோனைட்டும் கிடைத்தால், இங்கே கடல் இருந்தது என்று முடிவு கட்டுகிறோமே, அதுபோல என்று ஒருவர் கேட்கலாம். அங்கே அந்த முடிவு செல்லும். காரணம், சிப்பி ஓட்டைச் செய்ய ஒரு சிப்பி வேண்டும், வேறு எதுவும் அதைச் செய்யாது. ஆக்சிஜனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தண்ணீர் மூலக்கூறை எது உடைத்தாலும் ஆக்சிஜன் வரும்.

கானிமீடிலும் யூரோப்பாவிலும் உடைப்பது வியாழன். அதன் காந்தப்புலம் வியாழனோடு சேர்ந்து பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுழல்கிறது. அதில் சிக்கிய மின்னூட்டத் துகள்களும் கூடவே சுழல்கின்றன. யூரோப்பா வியாழனைச் சுற்றிவர மூன்றரை நாள், கானிமீட் ஏழு நாள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே துகள்கள் பின்னாலிருந்து வந்து இந்த நிலாக்களை இடைவிடாமல் அடிக்கின்றன. அடிபட்ட பனியிலிருந்து நீர் மூலக்கூறுகள் தெறிக்கின்றன, சில உடைகின்றன. ஹைட்ரஜன் பறந்துவிடும், ஆக்சிஜன் கனமானது, அத்தனை குளிரிலும் பனியாக உறையாதது, எகிறி எகிறித் தரையருகே கொஞ்ச காலம் தங்கும். அதுதான் இந்த வளிமண்டலம். ஒன்றோடொன்று மோதிக்கொள்வதுகூட அரிதான மூலக்கூறுகளின் கூட்டம். அதில் காற்று வீசாது, மேகம் கட்டாது. 2021-ல் லோரன்ஸ் ரோத் குழு ஹப்பிளின் பழைய படங்களையும் சேர்த்து மறுபடி அலசி, கானிமீடின் உச்சிவேளைப் பகுதியில் வெயிலில் பனியிலிருந்து எழும் நீராவியும் கலந்திருப்பதைக் கண்டது. அதிலும் உயிருக்கு வேலை இல்லை.

சனியின் ரியாவிலும் இதே கதைதான். 2010-ல் கசினி விண்கலம் அங்கே மெல்லிய ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கண்டது. சின்ன நிலாக்களுக்குக் காற்றைப் பிடித்து வைக்கும் தெம்பு இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. கானிமீடைவிடச் சற்றே சிறியதான, சனியின் இன்னொரு நிலாவான டைட்டன், நம்மைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜன் காற்றைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. குளிர், கிடைக்கும் வாயு, அடித்து விரட்டும் துகள்கள் எல்லாமே சேர்ந்து தீர்மானிக்கின்றன.

கடைசியாக அந்தப் பத்து லட்சம் பேர். 2022 செப்டம்பர் 29 அன்று ஜூனோ விண்கலம் யூரோப்பாவுக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. (கானிமீடை அது நெருங்கிப் பறந்தது 2021 ஜூன் 7, மறைப்பு நடந்த அதே தேதி, 49 வருடம் கழித்து. இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) யூரோப்பாவிலிருந்து தப்பி ஓடும் ஹைட்ரஜனை அளந்து, ஆக்சிஜன் எவ்வளவு உருவாகிறது என்று கணித்தார்கள். நொடிக்குச் சுமார் 12 கிலோ. நாளுக்கு ஆயிரம் டன். பத்து லட்சம் பேர் ஒரு நாள் சுவாசிக்க அது போதும் என்று 2024-ல் செய்திக் குறிப்பு வந்தது. எண் சரிதான். தவறு எங்கே என்றால், அந்த ஆயிரம் டன் ஒரு சிலிண்டரில் வந்து உட்காரவில்லை.

யூரோப்பாவின் மேற்பரப்பு மூன்று கோடி சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பங்கு பிரித்துப் பார்த்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 33 கிராம். பெரம்பலூர் மாவட்டம் சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். வாலிகண்டபுரம், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் எல்லாம் சேர்த்து, இந்த மாவட்டம் அளவுக்கு யூரோப்பாவில் வளைத்துப் போட்டாலும் ஒரு நாளில் கிடைப்பது ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டுக் கிலோ ஆக்சிஜன். ஒரு ஆளுக்கு நாளுக்கு 840 கிராம் வேண்டும். கிட்டத்தட்ட எழுபது பேருக்குத்தான் காணும். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை ஐந்து லட்சத்து அறுபத்தைந்தாயிரம். அந்த எழுபது பேருக்கும்கூட, 1,750 சதுர கிலோமீட்டர் பனியில் மூலக்கூறு மூலக்கூறாகத் தெறிப்பதைப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுக்க யாராவது வேண்டும். வெளியே மைனஸ் 160 டிகிரிக் குளிர். மனிதன் ஒரே நாளில் மரண அளவை எட்டிவிடும் கதிர்வீச்சு. ஆக்சிஜனை உண்டாக்குவதே அந்தக் கதிர்வீச்சுத்தானே.

இந்தச் செய்தியைக் கொண்டாடியவர்கள் கவனிக்காத இன்னொன்று உண்டு. ஜூனோவுக்கு முந்தைய மதிப்பீடுகள் நொடிக்குச் சில கிலோவில் தொடங்கி ஆயிரம் கிலோவுக்கு மேலும் போயின. 12 கிலோ என்பது அந்த வரிசையின் கீழ்முனைப் பக்கம் வந்து விழுந்த எண். யூரோப்பாவில் உயிரைத் தேடுகிறவர்கள் அதன் காற்றில் தேடவில்லை; பனி ஓட்டுக்குக் கீழே இருக்கும் உப்புக் கடலில் தேடுகிறார்கள். மேலே பனியில் சிக்கிய ஆக்சிஜன் எப்படியாவது கீழே இறங்கினால், அந்தக் கடலில் ஏதேனும் நுண்ணுயிர் இருக்கும் பட்சத்தில் அதற்குத் தீனியாகும் என்பது அவர்களின் கணக்கு. மேலே உற்பத்தி குறைந்தால் கீழே போகக்கூடியதும் குறையும். ஆக, உயிருக்கு நற்செய்தி என்று இங்கே பரவியது, அந்தத் தேடலில் இருப்பவர்களுக்கு வரவு குறைந்த செய்தி. பனி ஓடு எவ்வளவு தடிமன், மேலே உள்ளது கீழே இறங்க வழி உண்டா என்பதையெல்லாம் பார்ப்பதற்காக 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர், 2030 ஏப்ரலில் வியாழனைச் சேரும்.